எதிர் நாற்காலி

வட்டமாக உட்காருங்கள் என்று யாராவது சொன்னாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். தளவானூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி, நாலாம் வகுப்பு. எங்களுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டாலும் வட்டமாகத்தான் உட்கார வைப்பார்கள். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து, கலந்து பேசி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னவர் டீ குடிக்கப் போய்விடுவார். நாங்கள் முட்டி வலி, டிரான்ஸ்பர், மருமகள் என்று எல்லாவற்றையும் கலந்து பேசுவோம். கடைசி ஐந்து நிமிடத்தில் கையெழுத்து அழகாக இருக்கிற ஒருத்தியைப் பிடித்து எதையாவது எழுதச் சொல்வோம். அவள் எழுதியதற்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கைதட்டு வாங்குவோம்.

என் வகுப்பிலும் அதே கதைதான். ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவி. தலைவி என்றால் வேறு ஒன்றுமில்லை, பதில் தெரிந்த பிள்ளை. நான் கேள்வி கேட்பேன், அவள் சொல்வாள், மற்ற நாலு பேரும் அவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். வகுப்பு அமைதியாக இருக்கும், பாடம் ஓடும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும்தான் பயம், ஏனென்றால் அவர் தலைவியை விட்டுவிட்டு மூலையில் இருக்கிற பிள்ளையை எழுப்புவார். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பதிலைச் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் நன்றாகப் பழகியிருப்பார்கள். அதிகாரியைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டு, அவர் தோளுக்கு மேலே கண்ணை ஓட்டி என் வாயைப் படித்துவிடுவார்கள். இதைச் செய்யாத டீச்சர் எங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள், காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

இந்தப் பழக்கத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கணவருக்குச் செய்ததைத்தான் எழுத வந்தேன்.

அவர் பஸ் கண்டக்டர். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை ரூட். பேச்சுதான் அவர் தொழில், பேச்சுதான் பொழுதுபோக்கு. உள்ளே போ, உள்ளே போ என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாது. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சரம்மா என்பார், அதுவும் கேலியாகத்தான். ஒரு நாள் காலை, முதல் டிரிப் எடுப்பதற்கு முன்னால், பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸைக் கையில் வைத்தபடியே சரிந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உயிர் பிழைத்தது, கால் நடக்க வந்தது, வலது கை பாதி வந்தது. பேச்சுதான் வரவில்லை.

பேச்சு வரவில்லை என்றால் ஊமையாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது. வார்த்தை மட்டும் வாய்க்கு வருவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர் என்ற சொல்லைத் தேடித் தேடி முகம் சிவந்துவிடும். ஆனால் செஞ்சி என்று நாம் எடுத்துக்கொடுத்தால் போதும், வளத்தி, மேல்மலையனூர், அவலூர்பேட்டை என்று ஸ்டாப் பெயரெல்லாம் வரிசையாக ஓடிவரும். நடுவில் நிறுத்தி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். அந்த வரிசை பழக்கத்தில் வருவது, பேச்சு வேறு என்று டாக்டர் சொன்னார். ஆரம்பத்து மாதங்களில்தான் திரும்பி வருவது அதிகம், அதை வீணாக்கிவிடாதீர்கள் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்வேன். அந்த மாதங்களில் அவர் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். எனக்கு வேறு கவலையே இல்லை.

எங்கள் ஊர் செஞ்சியிலேயே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு மாடியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி புதன்கிழமை தோறும் விழுப்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சாயங்காலம் ஐந்து மணி. நான் ஸ்கூல் விட்டு வந்து, முகம் கழுவி, அவரைக் கூட்டிக்கொண்டு அந்தப் படியேறுவதற்குள் எனக்கு உயிர் பாதி போய்விடும். மேலே போனால் ஐந்து நாற்காலி, வட்டமாக. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயுமா என்று நினைத்தேன்.

வட்டத்தில் ஐந்து பேர். எல்லோருக்கும் இதே அடி. மற்றவர்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டாம், ஒருவரைச் சொன்னால் போதும். அவலூர்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருந்த அம்மா, ஐம்பது ஐம்பத்தைந்து வயது. அவருக்கு மிஞ்சிய ஒரே வார்த்தை 'அதான்.' வணக்கம் சொல்வதும் அதான்தான், கோபப்படுவதும் அதான்தான். தக்காளி என்ன விலை என்று கேட்டால்கூட அதான் என்பார், ஆனால் அந்த ஒரு சொல்லை ஏற்றி இறக்கியே பேரம் பேசி முடித்துவிடுவார் என்று தோன்றும். என் கணவரைப் பார்த்த அன்றே அடையாளம் தெரிந்துகொண்டார். தினமும் அவர் பஸ்ஸில் கூடை ஏற்றியவராம். இவரைக் காட்டி, விசில் ஊதுவதுபோல் வாயைக் குவித்து, அதான் அதான் என்று சிரித்தார். என் கணவரும் சிரித்தார். மூன்று மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கூட வந்தவர்கள் வட்டத்துக்குள் வரக்கூடாது, சுவரோரமாக உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது. அந்தப் பெண் வைத்த விதி அது. "அவங்க தேடட்டும். தேடுற நேரம்தான் பயிற்சி. நீங்க மனசுக்குள்ள இருபது எண்ணுங்க," என்றாள். சரி சரி என்று எல்லோரும் தலையாட்டினோம். நான் போய் உட்கார்ந்த இடம் எனக்கே தெரியாமல் அமைந்தது. அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால், என் கணவருக்கு நேர் எதிரே.

ஒவ்வொரு புதன்கிழமையும் முதல் கேள்வி ஒன்றேதான். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். என் கணவர் முறை வந்தது. வாயைத் திறந்தார், மூடினார். விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டிருந்தன. நான் எண்ணினேன். ஒன்பது வரைக்கும் எண்ணியிருப்பேன். அவர் கண்ணில் தண்ணீர் தேங்கியதைப் பார்த்ததும் என் உதடு தானாக அசைந்தது. ஓட்ஸ். அவர் என் வாயைப் பார்த்தார். "ஓட்ஸ்," என்றார், கொஞ்சம் வழுக்கலாக, ஆனால் தெளிவாக.

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதான் என்றார் காய்கறிக் கடை அம்மா, ஆனால் கைதட்டவில்லை. அதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதமாக என் மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

ஓட்ஸ் என் ஏற்பாடு. ரத்த அழுத்தத்துக்கு உப்பில்லாமல் ஓட்ஸ் நல்லது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஓட்ஸ் காய்ச்சி, மூடி போட்டு மேசையில் வைத்துவிட்டு, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பி.எட். முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் மகள் அவருக்குக் கொடுப்பாள். அந்த முதல் புதன்கிழமை ராத்திரிச் சமையலைக்கூடப் பார்க்காமல் குழுவில் எழுதினேன்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு ஓட்ஸ் என்று பளிச்சென்று சொன்னார். இருபது கும்பிடு வந்தது. பனமலையில் விவசாயம் பார்க்கும் அவர் அண்ணன் மட்டும் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். "பரவால்லம்மா. நீ டீச்சரா இருக்கறதால அவன் பொழச்சான்."

அந்த ஒரு வரி போதாதா. அதற்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் அதே எதிர் நாற்காலியைப் பிடிக்க ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்விடுவேன். என்ன கிழமை, புதன். இது என்ன, சாவி. உங்கள் மகள் என்ன படித்திருக்கிறாள், பி.எட். எல்லாவற்றையும் அவர் சொன்னார். கேட்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்து, அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துச் சொன்னார். என் வகுப்புப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டார். நான் செய்வது தப்பு என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். ஆனால் சொல்லச் சொல்லத்தானே வரும், குழந்தைக்கு அப்படித்தானே பேச்சு வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்.

வீட்டில் அந்த அளவுக்கு மறைவுகூட இல்லை. யார் அவரிடம் எது கேட்டாலும் பதில் நான்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார், காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்துவார். "எப்பிட்றா இருக்க? தூக்கம் வருதா?" என் கணவர் வாயைத் திறப்பதற்குள், "நல்லா தூங்கறாருங்க மாமா," என்பேன். "வேலைக்குப் போவணும்னு நெனைக்கிறியா?" "அதேதாங்க நெனப்பு அவருக்கு." இப்படியே அரை மணி நேரம் போகும். அண்ணன் திருப்தியாக எழுந்து போவார். என் கணவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தலைவி, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறவர்கள். இதே வட்டத்தைத்தான் நான் வீட்டிலும் போட்டு வைத்திருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் களைப்பு மட்டும்தான் தெரிந்தது. ஒருத்தி இரண்டு பேருக்குச் சேர்த்துப் பேசினால் களைப்பு வராமல் என்ன செய்யும்.

இரண்டரை மாதம் இப்படிப் போனது. அந்தப் பெண் ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து, "சார் ரொம்ப நல்லா முன்னேறுறாரு. இந்த மாசத்தோட குரூப்பை நிறுத்திக்கலாம், வீட்டுப் பயிற்சி போதும்னு நெனைக்கிறேன். வெளிய ஆள் காத்திருக்காங்க," என்றாள். வீட்டில் அவர் தானாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் வரட்டுமே என்று கெஞ்சினேன். ஏன் என்று சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கு ஆய்வு வந்தது. அதிகாரி வந்தார், பார்த்தார், மூலைப் பிள்ளையை எழுப்பினார். நான் முதுகுக்குப் பின்னால் நின்று என் வேலையைச் செய்தேன். எல்லாம் நல்லபடியாகப் போனது. சாயங்காலம் ஆசிரியர்களை எல்லாம் உட்கார வைத்துக் கூட்டம் போட்டுவிட்டார். ஐந்து மணிக்கு ஊருக்கு வர முடியாது என்று தெரிந்ததும் மகளுக்குப் போன் போட்டு, நைனாவைக் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகள் சமையலறையில் நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"இன்னா ஆச்சு?"

"ஒரு வார்த்தகூட வரலம்மா. காலைல இன்னா சாப்டீங்கன்னு கேட்டாங்க. நைனா எதிர்ல இருக்கற சேரையே பாத்துனு இருந்தாரு. அங்க யாருமே இல்ல. நான் கதவாண்ட உக்காந்துனு இருந்தேன். அவங்க ரெண்டு வாட்டி கேட்டாங்க. அப்பிடியே அழ ஆரம்பிச்சிட்டாரு. எல்லாரும் பாத்துனு இருக்காங்க."

"அப்புறம்?"

"அந்த காய்கறிக் கட ஆண்ட்டி இருக்காங்க இல்ல, அவங்கதான் எழுந்துச்சாங்க. அந்தக் காலி சேரைக் காட்னாங்க. அப்புறம் வாய இப்பிடி இப்பிடி சத்தமில்லாம அசைச்சிக் காட்னாங்க. உன்ன மாதிரியே. அதான், அதான்னு சொன்னாங்க." மகள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "மேடத்துக்குப் புரிஞ்சிடுச்சி. எனக்கும்."

பேசவே முடியாத ஒருத்தர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே கொஞ்ச நேரம் அந்த அம்மாவைத் திட்டினேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். இரண்டரை மாதம். வீணாக்காதீர்கள் என்று டாக்டர் சொன்ன மாதங்களில் இரண்டரை. அதை யாரும் திருடிக்கொண்டு போகவில்லை, நானே உட்கார்ந்து உதட்டசைத்துத் தீர்த்திருக்கிறேன். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. முதுகைத் தொட்டேன். அவர் திரும்பவில்லை.

அடுத்த புதன்கிழமை அவர் வர மறுத்தார். செருப்பைக் கொண்டுவந்து வைத்தால் காலால் தள்ளினார். எப்படியோ மகள் பேசிக் கிளப்பினாள். மாடியில் அந்தப் பெண் முன்னால் நான் ஒப்புக்கொண்டேன். என் வயதில் பாதி இருப்பவள் முன்னால் தலைகுனிந்து நின்றது என் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத ஐந்து நிமிடம். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உதடு காட்டுறது பாவம் இல்லைங்க மேடம். நாங்களே சில நேரம் காட்டுவோம். ஆனா எப்பக் காட்டுறோம், எப்ப நிறுத்துறோம்னு கணக்கு வெச்சிருப்போம். நீங்க நிறுத்தவே இல்ல. அவரு தேடவே இல்ல," என்றாள். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் என் கணவருக்கு நேர் பின்னால் போட்டாள். "இனிமே உங்க இடம் இது."

அங்கே உட்கார்ந்தால் அவர் பிடரிதான் தெரியும். காலர் ஓரத்தில் முடி வெட்டாமல் வளர்ந்திருந்தது. என்ன கேட்டாலும் அந்தப் பிடரி விறைக்கும், நரம்பு ஏறும், பிறகு மெதுவாகத் தளர்ந்துவிடும். வார்த்தை வராது. இருபது எண்ணச் சொன்னவள் இப்போது நாற்பது, ஐம்பது வரைக்கும் விட்டாள். வட்டத்தில் யாரும் அசையாமல் காத்திருந்தார்கள். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மாடியிலிருந்து இறங்கும்போது நாள் முழுக்க நாற்று நட்ட மாதிரி இடுப்பு வலித்தது. முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றுமில்லை. குடும்பக் குழுவில் ஏன் செய்தி இல்லை என்று அண்ணன் கேட்டார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு வேகத்தில் வகுப்பிலும் தலைவிகளை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் தானே சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன் என்றேன். ஒரு பிள்ளை பதில் தேடுவதற்குள் மீதி முப்பத்து நாலு பேரும் அடித்துக்கொண்டார்கள். ஒரு பாடத்துக்கு மூன்று நாள் ஆனது. பத்தே நாளில் தலைவிகளை மறுபடியும் உட்கார வைத்துவிட்டேன். ஐந்து நாற்காலிக்கு ஆவது முப்பத்தைந்து பேருக்கு ஆகாது, அல்லது என்னால் ஆகவில்லை. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்றாவது புதன்கிழமை. வெயில் தாளாமல் ஃபேன் கடகடத்துக்கொண்டிருந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பிடரி விறைத்தது. நான் எண்ணினேன். முப்பதைத் தாண்டும்போது காய்கறிக் கடை அம்மா முன்னால் குனிந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவரின் தோள் ஏறி இறங்கியது. 'க' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் 'க.' பிறகு, "கூழு," என்றார்.

ஓட்ஸ் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். வார்த்தை வந்ததே பெரிது, தப்பு வார்த்தையாக இருந்தால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் பலகையில் பெரிதாகக் கூழ் என்று எழுதினாள். காய்கறிக் கடை அம்மா இந்தத் தடவை கைதட்டினார், ஒரு கைதான் அசையும் என்பதால் தொடையில் தட்டினார். "அதான்," என்றார். என் கணவரின் பிடரி வேர்த்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னேன். "நைனா பேசனாருடி. வார்த்ததான் மாறிப் போச்சி. ஓட்ஸுன்றதுக்குக் கூழுன்னாரு."

அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "மாறலம்மா," என்றாள்.

"இன்னா மாறல?"

"நைனா கூழுதான் குடிக்கறாரு. தெனமும். நீ பஸ்ஸுக்குப் போனதும் ஓட்ஸத் தள்ளி வெச்சிடுவாரு. ரெண்டு மூணு நாளு பட்டினி கெடந்தாரு. அப்புறம்தான் நான் கேவுரு கூழு கரைச்சிக் குடுக்க ஆரம்பிச்சேன். உப்பு கம்மியாதான் போடறேன், மோரு ஊத்தி. ரெண்டு வெங்காயம். நீ டென்ஷனாவன்னு சொல்லல."

"எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மறுவாரத்துலேர்ந்து."

"அப்ப தெனமும் வெச்சிட்டுப் போற ஓட்ஸு?"

"எதிர் வீட்டுக் கோழிக்கு."

எதிர் வீட்டுக் கோழிகள் அந்த வருடம் கொழுத்திருந்ததை நானே ஒருமுறை அந்த வீட்டுக்காரியிடம் புகழ்ந்திருக்கிறேன். சிரிப்பு வர வேண்டிய இடம்தான், வரவில்லை. "நான் குரூப்புல போட்டனே, ஓட்ஸுன்னு சொன்னாருன்னு. அத நீ பாத்தியே," என்றேன்.

"பாத்தேன். நைனா என்னைக் காட்டிக்குடுக்காம உனுக்காகப் பொய் சொல்றாருன்னு நெனச்சேன்," என்றாள்.

அவர் பொய் சொல்லவில்லை. பொய்யை அவர் வாயில் வைத்தவள் நான். பத்து வாரம், வாரம் ஒரு தடவை, தப்பான பதிலை உதட்டசைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். அந்த மாடியில் சரியான பதில் அவரிடம் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருட வேலையில், பிள்ளைக்குப் பதில் தெரிந்து எனக்குத் தெரியாமல் போகும் என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைத்ததில்லை. வேறு எதையெல்லாம் அவர் சார்பில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எண்ணப் பயமாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறார். வேலைக்குப் போக ஆசைப்படுகிறார். மகளுக்கு இந்த வருடமே வரன் பார்க்கச் சொல்கிறார்.

மறுநாள் காலை ஓட்ஸ் டப்பாவை எடுக்கவில்லை. கூழ் பாத்திரம் ஸ்லாப் மேல் எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்டு எடுத்து வைத்தேன். அவர் எழுந்து வந்து வழக்கம்போல் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மணி ஏழு நாற்பது.

"இன்னா சாப்பட்றீங்க?" என்று கேட்டேன்.

பதில் தெரிந்துதான் கேட்டேன். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். முகத்தைக்கூட இல்லை, வாயைப் பார்த்தார். என் உதடு அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே தேடிவிட்டு, "ஓட்ஸ்," என்றார்.

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். என் வகுப்பில் மூலையில் உட்காரும் பிள்ளை அப்படித்தான் பார்க்கும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் போடாத சண்டை இல்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அடுப்பின் பக்கம் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். அடுப்பில் எதுவும் இல்லை. ஜன்னலில் மலை, அதன் கீழே ரோடு. "இன்னா சாப்பட்றீங்க?" என்று சுவரைப் பார்த்து மறுபடியும் கேட்டேன்.

எண்ண ஆரம்பித்தேன். முப்பது. ஐம்பது. தெரு முனையில் என் பஸ் ஹாரன் அடித்தது, நான் ஓடிவருவேன் என்று டிரைவர் வழக்கம்போல் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு பஸ் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. எண்ணிக்கை தவறிவிட்டது. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"கூழு."

நான் திரும்பவில்லை. திரும்பினால் மறுபடியும் என் வாயைப் பார்ப்பார் என்று பயந்து அப்படியே நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

"வெங்…காயம்," என்றார். வெங்காயம் வேண்டுமா என்று நான் கேட்கவே இல்லை.